சுவருக்கு இந்தப் பக்கத்து வாதி

அண்டைவீட்டு வாதி என்னும் இனத்தைத் தேடி நீங்கள் காடு மலையெல்லாம் அலைய வேண்டியதில்லை. தெருவுக்கு ஒருவர் வீதம் இயற்கையே ஒழுங்காக விநியோகித்திருக்கிறது. எதிரே வருகிறவரைப் பார்த்து "சௌக்கியமா?" என்று கேளுங்கள். மற்றவர்கள் சௌக்கியம் என்பார்கள், அல்லது முழங்கால் வலி என்பார்கள். இவர் மட்டும் நின்று, குடையை மடக்கி, இடமும் வலமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்க சார் சௌக்கியம்? அவன் விட்டாத்தானே!" என்பார். எவன் என்று கேட்டால் தொலைந்தீர்கள். கேட்காவிட்டாலும் தொலைந்தீர்கள்.

இவர்களுடைய பேச்சே தனி. நாம் இலை உதிர்ந்தது என்போம். இவர் "என் நிலத்தில் அத்துமீறியது" என்பார். பக்கத்து வீட்டில் சட்னிக்குத் தாளித்தால் நமக்குப் பசி எடுக்கும். இவருக்கு "புகையும் நெடியும் எல்லை தாண்டுதல்" நினைவுக்கு வரும். மழை பெய்தால் வானத்தைப் பார்க்க மாட்டார். அடுத்த வீட்டுக் கூரையிலிருந்து வழியும் தண்ணீர் சுவருக்கு எந்தப் பக்கம் சொட்டுகிறது என்று குனிந்து பார்ப்பார். சொந்தப் பக்கம் சொட்டினால் அன்றைக்கு அவருக்கு நல்ல பசி. அந்தப் பக்கம் சொட்டினால் முகம் வாடிவிடும், பாவம்.

நம்முடைய மனிதரும் அந்த ரகம்தான். எடை அளவுத் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்காரர்களின் படிக்கல்லைப் புரட்டி முத்திரை பார்த்து, துணிக்கடையின் மீட்டர் கோலைத் தம் கோலோடு ஒட்டி வைத்துப் பார்த்து, எண்ணெய்க் கடையில் லிட்டர் பாத்திரத்தின் அடி உள்ளே அமுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, ஒரு மயிரிழை குறைந்தாலும் வழக்குப் போட்டுப் பழகிய கை. தெருவில் அவருக்குத் "தராசு சார்" என்று பெயர். அவருக்கு அது தெரியும். உள்ளூரப் பெருமையும் உண்டு.

இந்தக் கை, ஓய்வு பெற்ற மறுநாள் காலை, அளக்க எதுவும் இல்லாமல் மடியில் கிடந்தது. இரண்டு வாரம், வேறெதுவும் காதில் விழாமல், வீட்டிலிருந்த டம்ளர்களையெல்லாம் அளந்து பார்த்தார். மூன்றாம் வாரம், திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது.

அது தச்சரின் கொட்டகை. தகரக் கூரை, ஒரு ரம்ப மெஷின், ஒரு இழைப்பு மெஷின், பின்னால் ஒரு கொய்யா மரம், வீட்டோடு சேர்ந்த பிழைப்பு. தராசு சார் மனை வாங்குவதற்கு முன்பிருந்தே அது அங்கே இருந்தது. அவருடைய வீட்டுக் கதவு, ஜன்னல், அலமாரி எல்லாம் அந்தக் கொட்டகையில்தான் இழைத்தார்கள். வீட்டுக்குக் குடிவந்த பதினோரு ஆண்டுகளாக மெஷின் ஓடியிருக்கிறது. அந்த நேரங்களில் சார் ஆபீசில் இருந்திருக்கிறார். ஆகவே அவரைப் பொறுத்தவரை அந்தச் சத்தம் அந்தத் திங்கட்கிழமைதான் பிறந்தது.

"இங்க பாரு, இது என்ன சத்தம்?" என்று மனைவியைக் கேட்டார்.

"தச்சர் வீட்டு மெஷின்ங்க."

"எப்பலேர்ந்து?"

"எப்பவும்தான்."

"எப்பவுமா!" என்று எழுந்து நின்றார். அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினார்.

அந்த நோட்டில் என்னதான் இல்லை! தேதி, நேரம், சத்தத்தின் வகை, காற்றின் திசை, ஜன்னல் திறந்திருந்ததா, சாத்தியிருந்ததா. மரத்தூள் விழுகிறதா என்று பார்க்க மாடியில் ஒரு வெள்ளைத் துணி விரித்து, மாலையில் அதை உதறி, சேர்ந்த தூளைத் தாம் வைத்திருந்த சிறு தராசில் நிறுத்துப் பார்த்தார். முதல் நாள் முள் அசையவில்லை. காற்றடித்த ஒரு நாள் கொஞ்சம் அசைந்தது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முப்பத்திரண்டு ஆண்டு சர்வீஸில் அப்படி ஒரு மலர்ச்சி வந்ததில்லை என்று மனைவியே நினைத்தாள்.

கொய்யாக் கிளை விவகாரம் தனிக் கதை. தச்சர் வீட்டு மரத்தின் ஒரு கிளை சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. வேறு யாராவது என்றால் பழத்தைப் பறித்துத் தின்றுவிட்டு சும்மா இருந்திருப்பார்கள். இவர் சட்டத்தைப் படித்தார். எல்லை தாண்டிய கிளையை எல்லை வரைக்கும் வெட்டலாம், ஆனால் வெட்டிய கிளையும் அதிலுள்ள காயும் மரத்துக்காரனுக்கே சொந்தம் என்று தெரிந்துகொண்டார். தூக்குக் குண்டு கட்டிச் சுவரின் நடுமையத்துக்கு நேராக நூல் பிடித்து, நூலுக்கு இந்தப் பக்கம் மட்டும் அறுத்தார். கிளையையும் ஏழு காய்களையும் ஒரு சாக்கில் கட்டி, தெரு வழியாகச் சுற்றிப் போய்த் தச்சரிடம் கொடுத்தார்.

"என்ன சார் இது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வெட்டியிருப்பேனே. காயை நீங்களே வெச்சுக்கறதுதானே!"

"அது சட்டப்படி தப்பு. பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க."

தச்சர் போட்டார். அவருக்கு இதில் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. தாம் இனிமேல் பக்கத்து வீட்டுக்காரர் இல்லை, பிரதிவாதி என்பதும் புரியவில்லை. அது ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகுதான் புரிந்தது. கொட்டகையை நிரந்தரமாக மூட வேண்டும் என்று அதில் கண்டிருந்தது.

நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டே ஓடி வந்தார் மனிதர்.

"சார், இந்தக் கொட்டகையை மூடினா எனக்கு வேற இடம் கிடையாது. ஒம்பது மணிக்குப் பதிலா பத்து மணிக்கு ஆரம்பிக்கட்டுமா? நீங்க தூங்கற நேரமா அது?"

"நான் அஞ்சரைக்கே எழுந்துடுவேன்."

"அப்ப மத்தியானம் படுப்பீங்களா?"

"பகல்ல தூங்கற பழக்கமே எனக்குக் கிடையாது."

"அப்ப எந்த நேரத்துல தொந்தரவுன்னு சொல்லுங்க சார், அந்த நேரத்துல நிறுத்திடறேன்."

"எல்லாம் நோட்டீஸ்ல விவரமா இருக்கு" என்று கதவைச் சாத்தினார் தராசு சார். தச்சர் இழைத்துக் கொடுத்த கதவு அது. சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

இப்போது நீங்கள் அவருடைய மனைவியைப் பற்றிக் கேட்க வேண்டும். கேட்க மாட்டீர்கள், அவரும் கேட்டதில்லை. ஒரே மகள் கல்யாணமாகி வெகுதூரத்தில் இருக்கிறாள். அந்த அம்மாளுக்கு இந்தத் தெருவில் வாய்த்த ஒரே துணை தச்சரின் மனைவி. காலையில் இரண்டு வீட்டு வேலையும் ஒரு சுற்று முடிந்ததும், பத்து பத்தரைக்கு, இருவரும் சுவரோரம் வருவார்கள். தச்சரின் மனைவி நல்ல உயரம். இந்த அம்மாள் குள்ளம் என்பதால் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நிற்பாள். மகளின் கடிதம், பால்காரனின் தண்ணீர், இடுப்புவலித் தைலம், பார்த்த படம், பார்க்காத படம் என்று பேசாத விஷயம் கிடையாது. பின்னால் மெஷின் ஓடிக்கொண்டேயிருக்கும்; அதற்கு மேலே குரலை உயர்த்திப் பேசிப் பேசி இருவருக்கும் தொண்டை நன்றாகத் திறந்திருந்தது.

வழக்குப் போட்ட அன்று சார் வந்து சொன்னார்: "இனிமே அந்த வீட்டோட பேச்சு வார்த்தை வேண்டாம். எதிர்த்தரப்பு. வாதியோட சம்சாரமே சுவர்ல சாஞ்சு சிரிச்சுப் பேசிட்டிருந்தா, இடையூறுன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?"

"எனக்கு இந்தத் தெருவுல பேசறதுக்கு அவ ஒருத்திதாங்க."

"தீர்ப்பு வரட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்."

வாளி நிமிர்ந்தது. தீர்ப்பு வர மூன்று வருஷம் ஆயிற்று.

அந்த மூன்று வருஷமும் சாருக்கு ஓடிப்போனதே தெரியவில்லை. வாய்தா, வாய்தாவுக்கு முந்தின நாள் வக்கீல் வீடு, வாய்தாவுக்கு மறுநாள் மனைவிக்கு அதன் விளக்கம். வக்கீல் பொறுமைசாலி. சட்டத்தைக் குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல் ஊட்டினார்.

"முன்னாடியே கொட்டகை இருந்துச்சேன்னு அவங்க சொல்லுவாங்க. சொல்லட்டும். பின்னாடி குடிவந்தவருக்கும் கேக்க உரிமை உண்டு."

"அப்படிப் போடுங்க!"

"ஆனா ஒண்ணு சார். சின்னச் சின்ன சத்தத்துக்கெல்லாம் கோர்ட்டு இறங்காது. ஒரு சாதாரண மனுஷன் அந்த வீட்டுல இருந்தா, அவனுக்குத் தாங்க முடியாத தொந்தரவா இருக்கணும். அதான் அளவு."

அளவு என்ற சொல்லைக் கேட்டதும் சார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "அந்தச் சாதாரண மனுஷன் எங்க கிடைப்பான்?"

சார் தேடட்டும். அதற்குள் கோர்ட்டு நியமித்த ஆணையர் வீட்டைப் பார்வையிட வந்த வைபவத்தைச் சொல்லிவிடுகிறேன். இளைஞர், கையில் ஒரு கோப்பு, பேனா. கூடத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் சத்தத்தைக் கேட்டு அறிக்கை எழுதுவது அவர் வேலை. அந்தப் பக்கம் மெஷின் ஓட ஆரம்பித்தது. இந்தப் பக்கம் தராசு சாரும் ஆரம்பித்தார். "கேக்குதா? இது ரம்பம். இப்ப பாருங்க, இப்ப மாறும், இது இழைப்பு. ஒரு இரைச்சல் தெரியுதா? நேத்து இதைவிட ஜாஸ்தி. போன வருஷம் மார்ச் மாசம் பதினாலாம் தேதி எப்படி இருந்துச்சு தெரியுமா, இருங்க, நோட்டுல இருக்கு..." அரைமணி நேரம் முழுக்க நோட்டு வாசிக்கப்பட்டது. ஆணையரின் அறிக்கை ஒரே வரி: "ஆய்வின்போது வாதி இடைவிடாமல் விளக்கிக்கொண்டிருந்தபடியால் இயந்திரத்தின் சத்தத்தைத் தனியாகக் கேட்டறிய இயலவில்லை."

சாருக்கு இதில் வருத்தமே இல்லை. "விளக்கினதைப் பதிவு பண்ணியிருக்காரு பாத்தீங்களா!" என்றார். வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"சார், உங்க சாட்சியம் மட்டும் போதாது. நீங்க முப்பத்திரண்டு வருஷம் மயிரிழை வித்தியாசம் கண்டுபிடிச்சே பழகினவரு. உங்க காது அளவுக்கு மீறி நுட்பமான காதுன்னு எதிர்த்தரப்பு சொல்லிடும். நுட்பமான ஆளுக்காகச் சட்டம் வளைஞ்சு கொடுக்காது. அதே வீட்டுல இருக்கற, சாதாரணமான ஒருத்தர் சொல்லணும்."

 சாரின் முகம் மலர்ந்தது. "நம்ம வீட்டுலயே ஒருத்தி இருக்காளே! அவளைவிடச் சாதாரணமா யாரு இருக்க முடியும்?"

இந்தத் தவறை வேறு எந்த இனமும் செய்யாது. நாலு வருஷமாகத் தூளை நிறுத்தவர், கிளைக்கு நூல் பிடித்தவர், காற்றின் திசையைக் குறித்தவர், ஒரே ஒரு தடவையாவது மனைவியைப் பார்த்து "உனக்கு இந்தச் சத்தம் எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தமக்குக் கேட்பதுதான் அவளுக்கும் கேட்கும் என்பது அவருக்குச் சூரியன் கிழக்கே உதிப்பதுபோல.

ஆகவே கேட்காமல், பயிற்சி கொடுத்தார். பத்து நாள், தினமும் மாலை. மூன்று கேள்வி, மூன்று பதில்.

"சத்தம் கேட்கிறதா?"

"கேட்கும்."

"எவ்வளவு நேரம்?"

"காலை ஒன்பது மணியிலேர்ந்து சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்."

"அதனால உனக்கு?"

"நிம்மதி இல்லை."

"அதைக் கொஞ்சம் மனசுலேர்ந்து சொல்லணும்."

"மனசுலேர்ந்துதாங்க சொல்றேன்" என்றாள்.

சாட்சி நாள் வந்தது. அந்த அம்மாள் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு கூண்டில் ஏறினாள். கூண்டின் கட்டை அவள் மோவாய்க்கு வந்தது. எதிரே பெஞ்சில் தச்சரும் தச்சரின் மனைவியும். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவளை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததும் அம்மாளுக்குக் கண் ஒரு கணம் அங்கேயே நின்றுவிட்டது. இளைத்துப் போயிருந்தாள்.

மூன்று கேள்விக்கும் மூன்று பதில், ஒரு சொல் பிசகாமல் வந்தது. "நிம்மதி இல்லை" என்பதை உண்மையாகவே மனசிலிருந்து சொன்னாள். சார் பின் வரிசையைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, மெதுவான குரல்.

"நிம்மதி இல்லைன்னு சொன்னீங்கம்மா. எத்தனை வருஷமா?"

"நாலு வருஷமாங்க."

"மெஷின் நீங்க குடிவந்த நாள்லேர்ந்து ஓடுது. அதுக்கு முந்தின பதினோரு வருஷம் எப்படி இருந்தீங்க?"

"நல்லாத்தான் இருந்தேன்."

"அப்ப, நாலு வருஷத்துக்கு முன்னால புதுசா என்னம்மா வந்துச்சு?"

இது பத்து நாள் பயிற்சியில் இல்லாத கேள்வி. அம்மாள் யோசித்தாள். வேண்டுமென்றே சொல்லவில்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். உண்மையைச் சொல்வதாகச் சத்தியம் செய்துவிட்டு ஏறியிருக்கிறாள், அவ்வளவுதான்.

"இவரு ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வந்தாருங்க."

கோர்ட்டு சிரித்தது. டபேதார் சிரித்தார். தச்சர் மட்டும் குனிந்துகொண்டார். நீதிபதி மேசையைத் தட்டிவிட்டு, தாமே கேட்டார்: "அம்மா, பயப்படாம சொல்லுங்க. அந்த மெஷின் சத்தம் உங்களுக்குத் தொந்தரவா, இல்லையா?"

"மெஷினை ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு நிறுத்திடுவாங்கய்யா. அஞ்சு மணிக்கு மேல ஓடாது. ஞாயித்துக்கிழமை லீவு." கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இவருக்குத்தாங்கய்யா லீவு கிடையாது. அந்தச் சத்தம் நின்னதும், அதைப் பத்தி இவரு சொல்ல ஆரம்பிப்பாரு. முன்னெல்லாம் பக்கத்துல அவகிட்டப் போய்க் கொஞ்ச நேரம் நின்னுட்டு வருவேன். இப்ப அதுவும் இல்லை." பிறகு கணவர் பக்கம் திரும்பி, "கோவிச்சுக்காதீங்க. உண்மையைத்தான் சொல்லணும்னுட்டாங்க" என்றாள்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு வாரத்தில் தீர்ப்பு. அதே வீட்டில் வாழும் சாதாரண நபருக்கு இயந்திரத்தால் இடையூறு ஏதும் இருப்பதாக நிரூபிக்கப்படவில்லை, வழக்கு தள்ளுபடி, கொட்டகை அங்கேயே இருக்கலாம். தச்சர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வரவேண்டிய அவசியம் இல்லாவிட்டாலும் அம்மாள் அன்றைக்கும் கோர்ட்டுக்கு வந்திருந்தாள். தாழ்வாரத்தில் கணவரின் வக்கீலை வழிமறித்து அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"கேஸ் முடிஞ்சிருச்சில்லீங்களா? இனிமே அவகிட்டப் பேசலாமா?"

 "தாராளமா பேசுங்கம்மா" என்றார் வக்கீல். அந்த வயதில், அந்தப் படிக்கட்டில், யாரும் அப்படி இறங்கக் கூடாது. கீழே தச்சரின் மனைவி "அக்கா, மெதுவா!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள். இரண்டு பேரும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனார்கள். மூன்று வருஷத்துப் பேச்சு பாக்கி இருந்தது.

தராசு சார் அடுத்த பஸ்ஸில் போகவில்லை. வக்கீலோடு நடந்து அவர் அறைக்குப் போனார். அப்பீல் என்று கேட்பார் என வக்கீல் எதிர்பார்த்துத் தயாராகவே இருந்தார். சார் வெகுநேரம் கோப்பின் நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்துவிட்டுக் கேட்டார்.

"ஒரு சந்தேகம். இந்தச் சட்டப்படி... அவ என் மேல கேஸ் போட முடியுமா?"

வக்கீல் சிரித்துவிட்டார். "அந்தப் பயமே உங்களுக்கு வேண்டாம் சார். இந்தச் சட்டத்துக்கு ரெண்டு வீடு வேணும், நடுவுல ஒரு எல்லை வேணும். ஒரே கூரைக்குக் கீழ இருக்கறவங்களுக்கு இதுல பரிகாரமே கிடையாது."

"நல்லவேளை" என்று எழுந்தார் சார். வாசல் வரைக்கும் நிம்மதியாகத்தான் நடந்தார். அங்கே நின்றார். பரிகாரமே கிடையாது என்றால், இந்த நாலு வருஷமாக அவள் எங்கே போய்ச் சொல்லியிருப்பாள்? சொல்ல இருந்த ஒரே இடத்தையும் தாம் அல்லவா அடைத்து வைத்தோம்?  முப்பத்திரண்டு ஆண்டு அளந்ததில் இப்படி ஒரு குறைவை அவர் கண்டுபிடித்ததில்லை.

அன்று மாலை அவர் வாயைத் திறக்கவே இல்லை. மெஷின் ஓடியது, நின்றது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனைவி இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாம் தரம் நெற்றியில் கைவைத்துப் பார்த்து, "உடம்பு சரியில்லையா? டாக்டர்கிட்டப் போகலாமா?" என்றாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்களுக்கும் அந்தத் தராசு சாருக்கும் என்ன சம்பந்தம்! நீங்கள் நோட்டு வைத்திருக்கவில்லை, தூளை நிறுக்கவில்லை, யார் மேலும் வழக்குப் போடவில்லை. ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது எங்கேயோ ஒரு கதவு படாரென்று சாத்திக்கொண்டதே, அப்போது தலையைத் தூக்கி, "பாத்தியா இவங்களை? எத்தனை தடவை சொல்றது!" என்று உள்ளே இருக்கும் யாரிடமோ சொன்னீர்களே, அது யாரிடம்? உள்ளேயிருந்து "ம்" என்று ஒரு பதில் வந்திருக்கும். அது ஒத்துக்கொண்ட "ம்" என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எழுந்து போய் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.